ரத்த குரூப் நோட்டு

1980-ம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, பிசியாலஜி லேபில் நாங்கள் ஒருவர் விரலை ஒருவர் குத்திக்கொண்டோம். ஆளுக்கொரு வெள்ளைப் பீங்கான் டைல் கொடுத்திருந்தார்கள். அதன் ஒரு பக்கம் நீல நிறத்தில் ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு. நீலம் ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி. உப்புநீரில் கரைத்த நம் ரத்தத்தை இரண்டிலும் விட்டு, குச்சியால் கலக்கி, டைலை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் டைலில் நீலப் பக்கம் பால்போல அப்படியே கிடந்தது. மஞ்சள் பக்கம் கொஞ்ச நேரத்தில் மணல் மணலாகத் திரிந்தது. 'பி' என்று ரெக்கார்டில் எழுதிக்கொண்டேன். பதினெட்டு வயது வரைக்கும் எனக்கு என் ரத்த குரூப் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

அன்று சாயந்திரம் லேடீஸ் ஹாஸ்டலில் சீனியர் அக்கா ஒருத்தி, காலிகோ அட்டை போட்ட ஒரு நீள நோட்டோடு அறை அறையாக வந்தாள். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டிருந்தாள். பெயர், ரூம் நம்பர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி. எங்கள் செட்டில் எல்லோருக்கும் நான்காவது கட்டம் காலி. "ராத்திரி வந்து தட்டுனா எந்திரிச்சு வரணும், சரியா?" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதே மாதிரி ஒரு நோட்டு ஆண்கள் விடுதியிலும் உண்டு என்று பிறகு தெரிந்தது. யார் தொடங்கினார்கள், எந்த வருஷம் என்று கேட்டால் சீனியர்களுக்கும் தெரியாது. அவர்கள் வந்தபோதே இருந்ததாம்.

பின்னாளில் நான் பெத்தாலஜி படித்து, அரசு ரத்த வங்கிகளில் மெடிக்கல் ஆபீசராக வேலை பார்த்து, 2019-ல் ஓய்வு பெற்றேன். ரத்ததானத்தின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்தும் சட்டத்திலிருந்தும் தொடங்குகிறார்கள். நான் அந்த நோட்டிலிருந்து தொடங்குகிறேன். பெட்டிக்கும் சட்டத்துக்கும் முன்னால் இருந்தது பெயர்ப் பட்டியல்தான் என்பது என் எண்ணம்.

முதல் பட்டியல் வியன்னாவில் எழுதப்பட்டது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. ஆறு பேருடைய சிவப்பணுக்களை ஆறு பேருடைய சீரத்தோடு கலந்து, எது திரிகிறது, எது திரியவில்லை என்று கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கிறார். அந்த ஆறு பேரும் நோயாளிகள் இல்லை. லாண்ட்ஸ்டைனரும் அவரோடு வேலை பார்த்தவர்களும்தான். ஸ்டுர்லி, எர்ட்ஹைம் என்று அவர்கள் பெயர்களையெல்லாம் சுருக்கி எழுதியிருக்கிறார். ரத்தத்தை மூன்று வகையாகப் பிரித்தது அந்த அட்டவணைதான். அடுத்த வருஷமே அந்த ஆறு பேரில் ஒருவரான ஸ்டுர்லி, டெகாஸ்டெல்லோ என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து, இப்போது நாம் ஏபி என்கிற நான்காவது வகையைக் கண்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் கையை நீட்டியதால் வந்த அறிவு இது. எங்கள் பிசியாலஜி லேபில் நடந்ததும் அதேதான், எண்பது வருஷம் கழித்து.

இரண்டாவது பட்டியல் லண்டனில் ஒரு வீட்டில் இருந்தது. 1921-ல் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கேம்பர்வெல் கிளைக்கு ஒரு ஃபோன் வந்தது. ஒரு நோயாளிக்கு உடனே ரத்தம் வேண்டும், யாராவது வர முடியுமா என்று. கிளையின் செயலாளர் பெர்சி ஆலிவரும் கூட இருந்தவர்களும் கிளம்பிப் போனார்கள். லின்ஸ்டெட் என்ற செவிலியரின் ரத்தம் பொருந்தியது. அதற்குப் பிறகு ஆலிவர், கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பவர்களின் பெயர், விலாசம், குரூப் எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு, தன் வீட்டு ஃபோன் வழியாகவே அந்தச் சேவையை நடத்தினார். கொடுப்பவருக்குக் காசு கிடையாது. ரத்தத்தைக் கெட்டியாகாமல் வைக்க சிட்ரேட் உதவும் என்று 1914-லும் 1915-லுமே ஹஸ்டின், அகோட்டே, லூயிசோன் என்று மூன்று நாட்டு மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். ஆனாலும் ஊருக்கு ஊர் ரத்தத்தைச் சேமித்து வைக்கும் வசதி வரவில்லை. சிகாகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரியில் பெர்னார்ட் ஃபேண்டஸ் 1937-ல் தொடங்கியதற்குத்தான் 'பிளட் பேங்க்' என்று பெயர் வந்தது. அதுவரைக்கும் ரத்தம் இருந்த இடம் மனிதர்களின் உடம்பு. அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வங்கி.

எங்கள் காலத்து மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் ரத்த வங்கி என்ற போர்டு இருந்தது, ஃபிரிட்ஜும் இருந்தது. ரப்பர் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஏசிடி கரைசல் ஊற்றி ரத்தம் எடுப்பார்கள். 21 நாள் தாங்கும். 21 நாள் தாங்குகிற அளவுக்கு எப்போதும் எதுவும் மிஞ்சாது என்பது வேறு விஷயம். இந்தியாவுக்கு ரத்த வங்கி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தா வழியாக வந்தது, போரில் அடிபட்டவர்களுக்காக. போர் முடிந்தது, ஆஸ்பத்திரிகள் பெருகின, ஆபரேஷன்கள் பெருகின. கொடுப்பவர்கள் மட்டும் பெருகவில்லை. அந்த இடைவெளியில்தான் ரத்தம் விற்கிறவர்கள் வந்தார்கள்.

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. ஹவுஸ் சர்ஜன் முடித்த பிறகு நான் கொஞ்ச காலம் இருந்த ஒரு ஊரில், ரத்த வங்கி வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. காலை எட்டு மணிக்கே அதில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரிக்‌ஷா ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், குடிக்கு அடிமையாகி வீட்டை விட்டு வந்தவர். ஒருவருடைய முழங்கை மடிப்பை நான் கிட்டத்தில் பார்த்தேன். ஊசி இறங்கி இறங்கி அந்த இடம் காய்த்துப்போய், வெற்றிலைக் காம்பு மாதிரி வெளுத்துத் தடித்திருந்தது. நரம்பைத் தேடி விரலை வைத்தால் கயிறு மாதிரி உருண்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம் என்பது விதி. அவர் மாதத்துக்கு இரண்டு இடத்தில் வேறு வேறு பெயரில் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்த காசில் புரோக்கருக்கும் ஒரு பங்கு.

அங்கே காப்பர் சல்பேட் சோதனை என்று ஒன்று நடக்கும். நீல நிறக் கரைசல், அடர்த்தி 1.053 இருக்கும்படி கரைத்தது. விரலைக் குத்தி ஒரு சொட்டை அதன் மேல் விட்டால், ஹீமோகுளோபின் 12.5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் சொட்டு குண்டுமணி மாதிரி நேராக அடிக்குப் போய்விடும். குறைவாக இருந்தால் நடுவில் தயங்கி நின்று, மேலே ஏறிவிடும். அந்த மனிதருடைய சொட்டு உள்ளே இறங்கவே இல்லை. மேலேயே பரவிக் கிடந்தது. டெக்னீஷியன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தியேட்டர்ல கேஸ் வெயிட்டிங் மேடம்" என்றார். அன்றைக்கு ரத்தம் எடுக்கப்பட்டது. நான் தடுக்கவில்லை. ரத்தமே இல்லாதவரிடம் ரத்தம் எடுத்து, அதுவும் நீர்த்துப்போன ரத்தத்தை இன்னொரு ஏழைக்கு ஏற்றி, இரண்டு பேருக்கும் நல்லது செய்யாத ஒரு ஏற்பாடு அது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொட்டு எனக்குக் கண்ணில் நிற்கிறது.

அதே சொட்டு என்னுடைய விஷயத்திலும் மேலே ஏறியது உண்டு. 1981-ல் எங்கள் கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாம் நடந்தது. முதல் ஆளாகப் போய் நின்றேன். சொட்டு பாதி தூரம் இறங்கி, ஒரு கணம் நின்று, திரும்பிவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற பெண்களில் பாதிப் பேருக்கு அதே கதை. இந்த உண்மை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஒத்துக்கொள்ளாமல் இருந்தோம். பிசியாலஜி லேபில் சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்த்தபோது, குழாயில் அமிலத்தோடு கலந்த ரத்தத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பழுப்பு நிறம் பக்கத்துக் கண்ணாடியோடு ஒத்துப்போகும் இடத்தில் அளவெடுப்போம். ஆண் பிள்ளைகள் 14, 15 என்று எழுத, நாங்கள் 9, 10 என்று எழுதிக்கொண்டிருந்தோம். டாக்டருக்குப் படிக்க வந்த பெண்களே அப்படி என்றால் மற்றவர்களை யோசித்துக்கொள்ளலாம். லேடீஸ் ஹாஸ்டல் நோட்டில் நான்காவது கட்டம் காலியாகக் கிடந்ததற்கு மனசு காரணம் இல்லை, இரும்புச்சத்துதான் காரணம். பெண்கள் ரத்தம் கொடுக்க முன்வருவதில்லை என்று மேடையில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன், ரத்தம் கொடுக்கப் போய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று. எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். "ஒனக்கே ரத்தம் இல்லயாம், நீ எவளுக்குக் குடுக்கப் போற? ஒரு சொட்டு ஊற எத்தன நாள் சோறு திங்கணும் தெரியுமா?" என்று கேட்டாள். ஆனால் மறுநாளே அப்பாவைக் கறிக்கடைக்கு அனுப்பிச் சுவரொட்டி வாங்கிவரச் சொன்னாள். ஆட்டின் மண்ணீரலுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். மிளகு போட்டு வதக்கித் தந்தாள். முருங்கைக்கீரை தினமும் வந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது கேழ்வரகு மாவும் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையும். நானே கல்லூரி ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு சொட்டு அடிக்குப் போனது. எம்.பி.பி.எஸ். பரீட்சை எதிலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்தது இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவ மாணவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், அதனால் தயங்க மாட்டார்கள் என்று வெளியே நினைப்பார்கள். நாங்கள் நன்றாகவே தயங்கினோம். உடம்பில் ஐந்து லிட்டருக்குப் பக்கத்தில் ரத்தம், எடுப்பது அதில் ஒரு சின்னப் பங்கு, நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணு சில வாரங்களில் ஈடாகிவிடும், கொடுக்காமல் வைத்திருந்தாலும் ஒரு சிவப்பணுவுக்கு 120 நாள்தான் ஆயுசு. பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு இதை எழுதுவோம். ராத்திரி கதவு தட்டப்படும்போது, "நாளைக்கு எனக்கு இன்டெர்னல்", "போன மாசம்தான் காய்ச்சல் வந்துச்சு" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும். படித்த அறிவு ஊசியின் முன்னால் அவ்வளவாக உதவவில்லை. 16-ம் நம்பர் ஊசியின் தடிமன் என்னவென்று எங்களுக்குத்தானே தெரியும்.

எழுந்து போனவர்களை எழுப்பியது வேறு. 1983-ல் ஒரு மழைக்கால இரவு. நான் ஃபைனல் இயர், லேபர் வார்டு போஸ்டிங். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றாவது பிரசவம், வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சு வரவில்லை. சேலைக்கு மேல் சுற்றியிருந்த சாக்கு நனைந்து கனத்திருந்தது. கூட வந்தது புருஷன் ஒருவன்தான், கையில் மஞ்சள் பையோடு. "ரத்தம் ஏத்தணும், ரெண்டு ஆள் கூட்டிட்டு வாங்க" என்று சிஸ்டர் சொன்னார். "ஊர்ல போய்த்தான் கூட்டியாரணும் தாயி, மொத பஸ்ஸு விடிஞ்சுதான்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹவுஸ் சர்ஜன் அக்கா நஞ்சைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். பி பாசிட்டிவ் என்று சீட்டு வந்தது. ஃபிரிட்ஜில் பி இல்லை. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நீ பி தானே?"

அவ்வளவுதான். தானம், சேவை, தியாகம் என்று எந்த வார்த்தையும் அங்கே வரவில்லை. நீ பி தானே என்று ஒரு கேள்வி. நான் பி என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் நோட்டோடு வந்து எழுதிக்கொண்டு போனது அவள்தான். வராந்தாவைத் தாண்டி ரத்த வங்கிக்கு ஓடினேன். சொட்டு இறங்கியது. பாட்டில் தரையோரம் இருக்க, குழாய் வழியாக ரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கையை மூடி மூடித் திறந்தேன். டெக்னீஷியன் பாட்டிலை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தார், கெட்டியாகாமல் இருக்க. பிறகு கிராஸ் மேட்சிங். அது முடிகிறவரை ஆகும் நேரத்தை யாரும் குறைக்க முடியாது. மூன்று மணிக்கு பாட்டில் வார்டில் தொங்கியது.

அடுத்த நாள் ரவுண்ட்ஸில் அந்தப் பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தது நான். முந்தின இரவு காகிதம் மாதிரி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய சிவப்பு ஓடியிருந்தது. அது யாருடைய சிவப்பு என்று அவளுக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. "வலி இருக்காம்மா?" என்று கேட்டேன். "பசிக்கிதுக்கா" என்றாள்.

ஆண்கள் விடுதியில் எங்களுக்கு இரண்டு வருஷம் சீனியராக ஒருவர் இருந்தார். ஓ நெகட்டிவ். நம் நாட்டில் நூறு பேரைப் பார்த்தால் ஆர்ஹெச் நெகட்டிவ் ஐந்து பேருக்கு மேல் தேறாது, அதிலும் ஓ இன்னும் அபூர்வம். கல்லூரி முழுக்க அவருக்கு 'ஓ நெகட்டிவ் அண்ணன்' என்றே பேர். அறைக் கதவின் பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதி வைத்திருப்பாராம், கொடுத்த தேதி ஒன்று, அதற்கு நேரே மூன்று மாதம் கழித்து வரும் தேதி ஒன்று. அந்த இரண்டாவது தேதி நெருங்கும்போது ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுவாராம், யாருக்காவது வேண்டியிருக்குமே என்று. அவர் கோர்ஸ் முடித்துப் போன பிறகு அந்த அறைக்கு வந்த பையன் கதவைத் துடைக்காமல் வைத்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கல்லூரியில் ரத்தம் கொடுக்கும் பழக்கம் ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு இப்படித்தான் தொற்றியது. முகாமில் பேசிய தலைவர்களின் பேச்சில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை.

இதே காலத்தில் வடக்கே சிலர் இதை ஒரு இயக்கமாகவே நடத்திக்கொண்டிருந்தார்கள். சண்டிகரில் பேராசிரியர் ஜே.ஜி. ஜாலி, ரத்தமேற்றுதலை ஒரு தனி மருத்துவத் துறையாக நிலைநாட்டியவர். அதே ஊரில் காந்தா சரூப் கிருஷன் என்ற அம்மையார் 1964-ல் ரத்த வங்கிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடம் பேசினார். 1975-லிருந்து அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் பக்கத்தில், கமல்ஹாசன் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றி ரத்தம் கொடுக்க வைத்ததைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அந்தப் பையன்கள் சுவரொட்டி ஒட்டிய பசைக் கையோடு வந்து படுத்திருக்கிறார்கள், நானே எடுத்திருக்கிறேன்.

ஆனால் விற்பனையை உலுக்கியது இவை எதுவும் இல்லை. அதை உலுக்கியதும் ஒரு மருத்துவ மாணவிதான். நிர்மலா செல்லப்பன், சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வுக்கு எய்ட்ஸை எடுத்துக்கொள் என்றார். எய்ட்ஸ் அமெரிக்காக்காரர்களின் நோய், இங்கே கிடையாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். நிர்மலாவுக்கும் முதலில் தயக்கம்தான். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய், காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்களிடம் பேசி, ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. பஸ் காசை மிச்சம் பிடிக்க கணவரின் ஸ்கூட்டரில் போய்வந்தார். சீரத்தைப் பிரித்து வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். சென்னையில் சோதனை செய்ய வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. சட்டமன்றத்தில் அமைச்சர் ஹண்டே அதை அறிவித்தபோது நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். பேப்பரைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சிமெண்டு பெஞ்சு.

ஏனென்றால் எச்.ஐ.வி. தொற்றிய உடனே சோதனையில் தெரியாது. சில வாரங்கள் ஒளிந்திருக்கும். அந்த நாட்களில் எடுத்த ரத்தம் சோதனையில் தேறிவிடும், ஆனால் நோயைக் கொண்டுபோகும். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது, கொடுப்பவர் உண்மையைச் சொல்வது ஒன்றுதான். காசு தேவைப்படுகிறவருக்கு உண்மையைச் சொன்னால் காசு போய்விடும். சும்மா கொடுக்க வந்தவருக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1970-லேயே 'தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்' என்ற புத்தகத்தில், விலைக்கு வாங்கும் அமெரிக்க முறையையும் சும்மா கொடுக்கும் பிரிட்டிஷ் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மஞ்சள்காமாலையைக் காட்டி இதைத்தான் சொல்லியிருந்தார். நமக்கு எய்ட்ஸ் வந்துதான் அது புரிந்தது.

1989-ல் எடுக்கும் ரத்தத்துக்கெல்லாம் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. 1990-ல் மத்திய அரசு ஒரு தனியார் நிறுவனத்தைக் கொண்டு எடுத்த ஆய்வு, நாட்டில் இருந்த 1018 ரத்த வங்கிகளில் 616-க்கு லைசென்ஸே இல்லை என்றது. ரத்தம் நம் சட்டப்படி ஒரு மருந்து. மருந்து தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்றால் ரத்தம் எடுக்கவும் வேண்டும். 'காமன் காஸ்' அமைப்பு 1992-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஜனவரி 4-ம் தேதி வந்த தீர்ப்பு, தேசிய அளவிலும் மாநில அளவிலும் ரத்தமேற்று கவுன்சில்கள் வேண்டும், ரத்தத்தை விற்பவர்களை இரண்டு வருஷத்துக்குள் அறவே நிறுத்த வேண்டும் என்றது. 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தத்தை விற்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். அந்தத் தேதி எனக்குச் சுதந்திர தினம் மாதிரி. அப்போது நான் ரத்த வங்கி ஆபீசர். எங்கள் வாசலில் பெஞ்சு கிடையாது.

பெஞ்சு போன பிறகு அவர்கள் உறவினராக வந்தார்கள். 'மாற்று ரத்தம்' என்று ஒரு முறை, நோயாளிக்கு எத்தனை யூனிட்டோ அத்தனை ஆளைச் சொந்தக்காரர்கள் கொண்டுவர வேண்டும். அந்த அலைச்சலில் கிராமத்து ஜனங்கள் புரோக்கரிடம்தான் போய் நிற்பார்கள். ஒரு நாள் ஒருவர் வந்தார், நோயாளிக்கு மாமன் மகன் என்று. "உங்க அத்தை பேரு என்னய்யா?" என்று கேட்டேன். கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த அம்மாளுக்கு ரத்தத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பக்கத்து மருத்துவக் கல்லூரி விடுதிக்குத்தான் ஃபோன் போட்டேன். வார்டனிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நோட்டு இருக்கா சார்?" இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதலாமாண்டு பிசியாலஜி பிராக்டிகல் நடக்கிற வாரத்தில் அந்தக் கல்லூரிக்குப் போவேன். டைலைப் பார்த்து அவர்கள் குரூப் எழுதும்போது பக்கத்தில் நிற்பேன். பெண்பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மாத்திரையை அங்கேயே கொடுத்துவிடுவேன், மூன்று மாதம் கழித்து வந்து மறுபடி பார்க்கிறேன் என்று தேதி குறித்துக்கொண்டு. 'பம்பாய் குரூப்' பற்றிச் சொல்வேன். 1952-ல் பம்பாயில் பெண்டேயும் அவரது குழுவினரும் கண்டது. சாதாரணச் சோதனையில் ஓ மாதிரி தெரியும், ஆனால் ஓ ரத்தமும் அவர்களுக்குச் சேராது, தங்களைப் போன்ற இன்னொருவரிடமிருந்து மட்டுமே பெற முடியும். அப்படிப்பட்டவர்களுக்கு நாடு முழுவதும் பெயர்ப் பட்டியல் ஒன்றுதான் கதி. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2022-ல் என் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஒரு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கவுன்டரில் இருந்த பையன், "ரெண்டு யூனிட்டுக்கு ரெண்டு டோனர் அரேஞ்ச் பண்ணிடுங்க ஆன்ட்டி" என்றான். சட்டம் என்ன சொல்கிறது, கவுன்சிலின் வழிகாட்டுதல் என்ன சொல்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அவனிடம் பொறுமையாகச் சொன்னேன். "எங்களுக்கு இப்படித்தான் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன. இருபத்தைந்து வருஷம் எந்த முறையை எதிர்த்து நின்றேனோ அதன் வரிசையில், மஞ்சள் பை வைத்திருந்த அந்த மனிதனைப் போல, நானும் நின்றேன். கை நடுங்கியது.

என்னிடம் டிரெயினிங் எடுத்த ஒரு டாக்டர் இப்போது அந்த ஊர் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பையனும் பெண்ணும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். அங்கே காப்பர் சல்பேட் கிடையாது. விரல் நுனியிலிருந்து ஒரு துளி பட்டையில் வைத்தால் மெஷினில் நம்பர் வந்துவிடும். அந்தப் பெண்ணின் நம்பர் வருகிறவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். 12.9. அவளே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "போன வருஷம் 10.8 மேடம்."

கொடுத்து முடித்து, ஜூஸ் குடித்துக்கொண்டே ஃபோனை எடுத்தாள். விடுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஷீட் வைத்திருக்கிறார்களாம். எட்டிப் பார்த்தேன். பெயர், ரூம் நம்பர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி. தன் பெயரைத் தேடி நான்காவது கட்டத்தைத் தொட்டாள்.

"லேடீஸுக்கு நாலு மாசம்தானே மேடம்?"

"ஆமாம்மா, நாலு மாசம்."

தேதியை அடித்துவிட்டு, "பாட்டிக்கு ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.